லண்டன் லென்ஸ், உள்ளூர் பெட்டி

அன்புள்ள ஐயா,

தாத்தா மன்னார்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவருடைய மரக் கேமரா பரணில் கிடந்தது. லென்ஸ் வளையத்தில் 'லண்டன்' என்று பொறித்திருப்பதால் வீட்டில் அதற்கு லண்டன் கேமரா என்றே பெயர். ஆனால் மரம் தேக்கு என்கிறார் எங்கள் ஆசாரி. லென்ஸுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக இருக்கும் துருத்தியைப் புதுசாக மாற்றி, வார்னிஷ் அடித்து ஹாலில் வைக்கலாமா?

ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.,

ஆசாரியின் சந்தேகம் நியாயமானது. லண்டன் என்பது லென்ஸின் ஊர். பெட்டியின் ஊர் வேறாக இருக்கலாம். லென்ஸை மட்டும் வெளிநாட்டிலிருந்து வாங்கி, மற்றதை இங்கேயே செய்துகொண்ட காலம் உண்டு. இங்கிலாந்துக்காரர்கள் பெரும்பாலும் மஹாகனியில் செய்தார்கள். வெப்ப நாடுகளுக்கென்று அவர்களே தேக்கில் செய்ததும் உண்டு என்பதால் மரத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். முதலில் பெயர்த்தகட்டைத் தேடுங்கள்.

அதில் 'வாகீஸ்வரி' என்று இருந்தால் அது ஆலப்புழையில் பிறந்தது. செய்தவர் கருணாகரன். அவர் அப்பா இசைக்கருவிகளைப் பழுதுபார்த்தவர். ஒரு ஸ்டூடியோக்காரர் கிழிந்த கேமராத் துருத்தியை அந்தக் கடைக்குக் கொண்டுவந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. 1940களில் அவர்கள் முழுக் கேமராவே செய்ய ஆரம்பித்தார்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஆர்மோனியத் துருத்தியில் காற்று கசியக்கூடாது, கேமராத் துருத்தியில் வெளிச்சம் கசியக்கூடாது. இரண்டுக்கும் வேண்டியது ஒரே கை. பலா மரத்தில் வீணை குடையும் தஞ்சாவூர்க் குடும்பங்களுக்கும் அந்தக் கை உண்டு. கேமராப் பக்கம் அவர்கள் ஏன் போகவில்லை என்று நான் அங்கலாய்ப்பதுண்டு.

துருத்தியை உடனே மாற்றாதீர்கள். இருட்டறையில் அதற்குள் மொபைல் டார்ச்சை வைத்துப் பாருங்கள். மடிப்பின் மூலைகளில்தான் முதலில் ஓட்டை விழும். நாலைந்து புள்ளிதான் என்றால் உள்பக்கம் மெல்லிய கறுப்புத் துணி ஒட்டினால் போதும். எந்த அளவு நெகட்டிவுக்கான கேமரா என்று தெரிய, பின்னால் பிம்பம் விழும் சொரசொரப்புக் கண்ணாடியை அளந்துகொள்ளுங்கள்: 8½-க்கு 6½ அங்குலம் என்றால் ஃபுல் பிளேட், 6½-க்கு 4¾ என்றால் ஹாஃப் பிளேட்.

வார்னிஷ் வேண்டவே வேண்டாம். தாத்தாவின் கைபட்டுக் கறுத்த இடங்களைச் சுரண்டிவிட்டு என்ன பளபளப்பு? சட்டங்கள் நகரும் தடத்தில் வார்னிஷ் இறங்கினால் ஃபோகஸ் செய்ய நகர்த்தவும் முடியாது. காய்ந்த துணியால் துடையுங்கள், போதும்.

ஒன்று கேட்கிறேன். தாத்தா எடுத்த கண்ணாடி நெகட்டிவ்கள் எங்கே? அவற்றைக் கழுவி வெறும் கண்ணாடியாக விற்றுவிட்ட ஸ்டூடியோக்கள் உண்டு. பரணில் மிச்சம் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி நிற்கவைத்து எடுத்துவையுங்கள். கேமராவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.