துரித நர்சிங் படிப்பு: எந்தப் புத்தகத்துக்குப் பணம், எதற்கு நூலகம்?

வேறு துறையில் பட்டம் பெற்றவர்கள் அமெரிக்காவில் 12 முதல் 18 மாதங்களுக்குள் பி.எஸ்.என். எனப்படும் நர்சிங் இளநிலைப் பட்டத்தை முடிக்கும் துரித நர்சிங் படிப்பைப் பற்றி வந்த கேள்விகளில், புத்தகம் சம்பந்தப்பட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

ஜனவரியில் வகுப்பு தொடங்குகிறது. கல்லூரி தந்த பட்டியலில் 14 புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் வாங்கினால் 1,500 டாலரைத் தாண்டுகிறது. அத்தனையும் தேவையா?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

தேவையில்லை. ஆனால் எதை விடலாம் என்பதை வகுப்பு தொடங்கும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். இந்தப் படிப்பில் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே தேர்வு வந்துவிடும். அப்போது புத்தகம் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

முதலில் கல்லூரிக் கணக்கில் உள்ள கட்டண விவரத்தைத் திறந்து வரிவரியாகப் பாருங்கள். பல கல்லூரிகள் மின்புத்தகங்களின் விலையைக் கட்டணத்தோடு தாமாகவே சேர்த்துவிடுகின்றன. வேண்டாம் என்று சொல்லி விலகுவதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. அது கடந்தால் பணம் திரும்பாது. அதே கட்டணத்தில் ஏ.டி.ஐ. அல்லது ஹெசி எனப்படும் தேர்வுப் பயிற்சித் தொகுப்பும் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஏ.டி.ஐ. தொகுப்பு இருந்தால் பாடவாரியான மறுபார்வைப் புத்தகங்கள் பெரும்பாலும் அதோடு வந்துவிடும். அதற்கு மேல் இன்னொரு மறுபார்வைப் புத்தகம் வாங்குவது வீண்.

அடுத்து ஒவ்வொரு பேராசிரியருக்கும் இரண்டே கேள்விகளுடன் மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆக்சஸ் கோடு, அதாவது புத்தகத்தோடு வரும் இணையதள நுழைவு எண், வழியாகச் செய்யும் வேலைக்கு மதிப்பெண் உண்டா? முந்தைய பதிப்பை வைத்துச் சமாளிக்க முடியுமா? கோடுக்கு மதிப்பெண் உண்டென்றால் பழைய புத்தகம் வாங்கிப் பயனில்லை. ஒருவர் பயன்படுத்திய கோடு இன்னொருவருக்கு வேலை செய்யாது. ஆனால் கோடை மட்டும் தனியாக விற்பார்களா என்று கேளுங்கள். 2008-ல் வந்த கூட்டரசு உயர்கல்விச் சட்டப்படி, தொகுப்பாக விற்கும் பதிப்பகம் அதன் பகுதிகளைத் தனித்தனியாகவும் விற்க வேண்டும். பாடப்புத்தகங்களின் ஐ.எஸ்.பி.என். எண்ணையும் விலையையும் பாட அட்டவணையிலேயே வெளியிட வேண்டும் என்று கல்லூரிகளுக்குச் சொல்வதும் அதே சட்டம்தான். அந்த எண்ணை வைத்துத் தேடுங்கள். புத்தகப் பெயரை வைத்துத் தேடினால் பயிற்சி நூலோ சுருக்கப் பதிப்போ வந்து சேரும்.

சொந்தமாக இருக்க வேண்டியவை இரண்டு: மெட்-சர்ஜ் எனப்படும் பெரிய மருத்துவ-அறுவை நர்சிங் நூல், நடப்புப் பதிப்பு மருந்துக் கையேடு. ப்ரன்னர்-சுட்டார்த், லூயிஸ், இக்னடாவிசியஸ் என மெட்-சர்ஜ் நூல்கள் பல உண்டு. உங்கள் கல்லூரி சொல்வதை மட்டும் வாங்குங்கள், "எதுக்கும் இருக்கட்டும்" என்று இரண்டாவது வேண்டாம். மெட்-சர்ஜை 180 நாள் வாடகைக்கு எடுப்பதும் சரியாக வராது. இரண்டு மூன்று பருவங்களுக்கும் உரிமத் தேர்வுக்கும் அதுதான் துணை. தலைமைத்துவம், ஆராய்ச்சி, சமூகச் சுகாதாரம் ஆகிய பாடங்களுக்கு வாடகையோ, நூலகத்திலேயே வைத்துப் படிக்கும் ரிசர்வ் பிரதியோ போதும். கட்டுரைகளில் மேற்கோள் காட்டும் விதிகளுக்கான ஏ.பி.ஏ. கையேட்டை வாங்க வேண்டாம். பர்டூ பல்கலைக்கழகத்தின் இணைய எழுத்துக்கூடத்தில் அந்த விதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

மூன்று பதிப்புகள் பழைய மெட்-சர்ஜ் 12 டாலருக்குக் கிடைக்கிறது. உடற்கூறு மாறிவிடப் போகிறதா என்ன? வாங்கலாமா?
– வாசகர், ஆஸ்டின், டெக்சாஸ்

உடற்கூறு மாறாது. அனாடமி நூலைத் தாராளமாகப் பழையதாக வாங்குங்கள். மெட்-சர்ஜில் ஒரு பதிப்பு பின்னால் போகலாம், மூன்று கூடாது. நோயை வரையறுக்கும் எண்களும் பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2017-ல் அமெரிக்க இதயச் சங்கமும் இதயவியல் கல்லூரியும் உயர் ரத்த அழுத்தத்தின் தொடக்கத்தை 140/90-லிருந்து 130/80-க்கு இறக்கின. படுக்கைப் புண்ணுக்கான ஆங்கிலப் பெயர் 2016-ல் மாறியது. சிறுநீரகச் செயல்திறனைக் கணக்கிடும் வாய்ப்பாட்டிலிருந்து இன அடிப்படை 2021-ல் நீக்கப்பட்டது. மனநலப் பாடத்துக்கான நோய் வகைப்பாட்டின் திருத்தம் 2022-ல் வந்தது. பழைய நூலில் படித்தவர் தேர்வில் பழைய எண்ணை நம்பிக்கையோடு எழுதிவிட்டு வருவார்.

ஒரு பதிப்பு பழையதை வாங்கினால் பக்க எண்ணைப் பின்பற்றாதீர்கள். அத்தியாயத் தலைப்பைப் பொருத்திப் பாருங்கள். தேர்வுப் பயிற்சி நூல்களுக்கு விதி இன்னும் கண்டிப்பானது. என்கிளெக்ஸ் உரிமத் தேர்வு 2023 ஏப்ரல் 1 முதல் புதிய வடிவத்துக்கு மாறியது. அதற்கு முன் அச்சானவை பலவற்றில் இப்போதைய வடிவக் கேஸ் ஸ்டடி கேள்விகளையும் (ஒரே நோயாளியின் நிலையை வைத்துத் தொடராக வருபவை) பகுதி மதிப்பெண் முறையையும் எதிர்பார்க்க முடியாது. இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

தம்பி சென்னையிலிருந்து வருகிறான். நர்சிங் புத்தகங்கள் அங்கே பாதி விலைகூட இல்லை. வாங்கி வரச் சொல்லலாமா?
– வாசகி, சான் ஹோசே, கலிஃபோர்னியா

சட்டப்படி தடையில்லை. வெளிநாட்டில் முறையாக வாங்கிய பதிப்பை அமெரிக்காவுக்குக் கொண்டுவருவதும் மறுவிற்பனை செய்வதும் பதிப்புரிமை மீறல் அல்ல என்று 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாய்லாந்து மாணவர் ஒருவர் ஊரிலிருந்து பாடநூல்களை வரவழைத்து விற்ற வழக்கு அது.

அனாடமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி நூல்களை வாங்கி வரட்டும். மருந்து நூல் மட்டும் கண்டிப்பாகக் கூடாது. ஊரில் பாராசிட்டமால் என்பது இங்கே அசெட்டமினோஃபென். சால்பியூட்டமால் அல்பியூட்டரால் ஆகிறது, அட்ரினலின் எபினெஃப்ரின், பெத்திடின் மெபெரிடின். வார்டில் ஒரு பெயரும் மனத்தில் ஒரு பெயரும் இருப்பது ஆபத்து. தெற்காசியப் பதிப்பு மெட்-சர்ஜில் அத்தியாய வரிசை இந்தியப் பாடத்திட்டத்துக்கேற்ப மாறியிருக்கலாம், உள்ளே வரும் ஆக்சஸ் கோடு இங்கே வேலை செய்யாமலும் போகலாம். வாங்கும் முன் பொருளடக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி ஒப்பிடுங்கள். சிங்கப்பூரில் படித்தவர்களுக்கு இன்னொன்று: அங்கே ரத்தச் சர்க்கரை அளவு மில்லிமோலில் இருக்கும். 18-ஆல் பெருக்கினால் இங்குள்ள மில்லிகிராம் அளவு வரும்.

2,000 பக்கத்துக்கு மேல் உள்ள மெட்-சர்ஜை 12 மாதத்தில் எப்படி முடிப்பது? என் மனைவி இரவு ஒரு மணிவரை அடிக்கோடு போட்டுப் படிக்கிறாள். ஆனால் மதிப்பெண் 70-ஐத் தாண்டவில்லை.
– வாசகர், சார்லட், வட கரோலினா

அட்டை முதல் அட்டைவரை முடிக்க வேண்டிய நூல் அல்ல அது. உங்கள் மனைவியின் உழைப்பில் குறையில்லை, அது போகும் இடம்தான் தவறு. மஞ்சள் மையில் பத்தி பத்தியாகத் தீட்டும்போது படித்த உணர்வு வரும். தேர்வோ நினைவை மட்டும் கேட்பதில்லை, "இப்போது முதலில் என்ன செய்வாய்?" என்று கேட்கிறது.

வரிசையை மாற்றச் சொல்லுங்கள். அத்தியாயத்தைத் திறக்கும் முன் சிலபஸில் உள்ள கற்றல் நோக்கங்களை எடுத்துவைத்து, அந்தத் தலைப்பில் 10 கேள்விகள் போடட்டும். தவறுகள் நிறைய வரும், பரவாயில்லை. எதைத் தேடிப் படிக்க வேண்டும் என்பதை அவை காட்டிவிடும். பிறகு நூலில் நோய் உருவாகும் விதம், அறிகுறிகள், ஆய்வக அளவுகள், நர்சிங் பராமரிப்பு, அட்டவணைகள் ஆகியவற்றை மட்டும் வாசிக்கட்டும். அறுவை நுட்ப விவரங்களை ஓட்டமாகப் பார்த்தால் போதும். படித்ததை ஒரு நோய்க்கு ஒரே பக்கமாக, நூலை மூடி வைத்துவிட்டு எழுத வேண்டும். இதய செயலிழப்பு என்றால் அந்தப் பக்கத்தில் இவை இருக்க வேண்டும்: எடை ஒரே நாளில் 2–3 பவுண்டோ ஒரு வாரத்தில் 5 பவுண்டோ கூடினால் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும், டிஜாக்சின் என்ற இதய மருந்தைக் கொடுக்கும் முன் ஒரு முழு நிமிடம் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து நாடி எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60-க்குக் கீழ் இருந்தால் நிறுத்திவைத்துத் தெரிவிக்க வேண்டும், பொட்டாசியம் 3.5–5.0-க்குள் இருக்க வேண்டும், குறைந்தால் டிஜாக்சின் நச்சாகும். எழுத முடியாத இடத்துக்கு மட்டும் நூலைத் திரும்பத் திறக்கலாம்.

அதன் பிறகு 25 கேள்விகள். கேள்வி போடும் நேரத்தைப் போல இரு மடங்கு விளக்கம் படிக்கப் போக வேண்டும், சரியாகப் போட்டவற்றுக்கும்தான். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரு சொல்லில் குறித்துக்கொள்ளட்டும்: தெரியாதது, கேள்வியைச் சரியாக வாசிக்காதது, கடைசி இரண்டு விடைகளில் தவறானதைத் தேர்ந்தது. மூன்றாவது வகை அதிகமாக இருந்தால் இன்னும் பக்கம் பக்கமாகப் படிப்பது உதவாது. எதற்கு முன்னுரிமை என்ற வகைக் கேள்விகளில்தான் பயிற்சி வேண்டும்.

என்கிளெக்ஸும் இப்படித்தான் சோதிக்கிறது. 5 மணி நேரத்தில் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள். எல்லோருக்கும் 6 கேள்விகள் கொண்ட 3 கேஸ் ஸ்டடிகள் மதிப்பெண்ணோடு வரும். யூவேர்ல்ட் போன்ற கட்டணக் கேள்வி வங்கியைக் கடைசிப் பருவத்தில் வாங்கினால் போதும். முதல் நாளே வாங்கினால், தேவைப்படும்போது சந்தா காலாவதியாகியிருக்கும்.

மருந்துக் கணக்குக்குத் தனிப் புத்தகம் வேண்டுமா?
– வாசகி, சிகாகோ

கல்லூரி கேட்காவிட்டால் வேண்டாம். தினமும் 10 கணக்கு போதும். ஆனால் அலகுகளை எழுதி, அடித்து நீக்கி வரும் முறையில் போடுங்கள். 154 பவுண்டு எடையுள்ளவருக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மணிக்கு கிலோவுக்கு 18 யூனிட். பையில் 250 மி.லி.யில் 25,000 யூனிட். 154-ஐ 2.2-ஆல் வகுத்தால் 70 கிலோ. 70 × 18 = 1,260 யூனிட். பையில் 1 மி.லி.க்கு 100 யூனிட் இருப்பதால் பம்பில் மணிக்கு 12.6 மி.லி. பவுண்டைக் கிலோவாக்க மறந்தால் 27.7 வரும், அதாவது இரண்டு மடங்குக்கு மேல். நோயாளிக்கு ரத்தக்கசிவு ஏற்படலாம். விடையை எத்தனை தசம இடத்துக்கு ரவுண்ட் செய்வது என்ற விதியைக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பம்புக்குப் பெரும்பாலும் ஒரு தசம இடம், சொட்டு எண்ணிக்கைக்கு முழு எண். 5 மி.கி.யை 5.0 என்று எழுதக் கூடாது, புள்ளி கண்ணில் படாவிட்டால் 50 ஆகிவிடும். .5 என்றும் கூடாது, 0.5 என்றே எழுத வேண்டும். பல கல்லூரிகளில் இந்தத் தேர்வுக்கு 90 சதவீதமோ 100 சதவீதமோ எடுக்காவிட்டால் வார்டுக்குள் விடமாட்டார்கள்.

சீனியர் ஒருவர் டெஸ்ட் பேங்க் பி.டி.எஃப். 20 டாலருக்குத் தருகிறார். வாங்கலாமா?
– பெயர் வேண்டாம்

வாங்காதீர்கள். அது ஆசிரியர்களுக்காகப் பதிப்பகம் தரும் கேள்வித் தொகுப்பு. அது உங்களிடம் இருப்பதே கல்வி நேர்மை மீறலாகக் கருதப்பட்டுப் படிப்பிலிருந்து நீக்கப்படலாம். போதாக்குறைக்கு, அதில் விளக்கங்கள் மிகக் குறைவு.

செலவில்லாமல் நம்பிப் படிக்க என்ன இருக்கிறது?
– வாசகர், டொலீடோ, ஒஹையோ

நிறைய இருக்கிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் அனாடமி நூலோடு, நர்சிங் வரிசையில் மருந்தியல், மெட்-சர்ஜ், மனநலம், தாய்-சேய் நூல்களும் கிடைக்கின்றன. விஸ்கான்சின் மாநிலத்தின் சிப்பெவா வேலி தொழில்நுட்பக் கல்லூரி வெளியிடும் ஓப்பன் ஆர்.என். நூல்களில் அடிப்படைத் திறன்கள் படிப்படியாக விளக்கப்பட்டிருக்கின்றன. திறன் தேர்வுக்கு முந்தைய இரவு அவை கைகொடுக்கும். என்கிளெக்ஸ் தேர்வுத் திட்டத்தை, அந்தத் தேர்வை நடத்தும் அமைப்பின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். எந்தப் பகுதியிலிருந்து எத்தனை சதவீதக் கேள்வி என்பது அதில் இருக்கிறது. மருந்தின் அதிகாரபூர்வ விவரத்தாளுக்கு தேசிய மருத்துவ நூலகத்தின் டெய்லிமெட் தளத்தைப் பாருங்கள். கடுமையான எச்சரிக்கை உள்ள மருந்துகளுக்கு அது மேலேயே கட்டம் கட்டிப் போடப்பட்டிருக்கும். அந்தக் கட்டத்தை முதலில் வாசியுங்கள்.