கிரியேட்டின் எடுத்தால் கிட்னி போய்விடுமா? உடம்பு வலி சீக்கிரம் ஆறுமா?

ஆறு மாதமாக ஜிம் போகிறீர்கள், மாஸ்டர் கிரியேட்டின் என்ற தசைப் பவுடரை எடுக்கச் சொல்கிறார், வீட்டில் கிட்னி போய்விடும் என்று தடுக்கிறார்கள், எடுத்தால் மறுநாள் வலியாவது குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன். வயது 41. இரண்டு வருடமாக இந்தப் பவுடரை எடுக்கிறேன், நடுவில் ஒரு மாதம் பயந்துபோய் நிறுத்தியது தவிர. அந்த ஒரு மாதக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் வீட்டில் சொல்லும் பயத்துக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

இன்சூரன்ஸுக்காக ரத்தப் பரிசோதனை கேட்டிருந்தார்கள். ஞாயிறு மதியம் வீட்டில் மட்டன் குழம்பு, ஒரு பிடி பிடித்தேன். சாயங்காலம் ஜிம்மில் கால் பயிற்சி, ஸ்குவாட் மட்டும் ஐந்து செட். திங்கள் காலை வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடுத்தேன். மாலையில் ரிப்போர்ட் போனுக்கு வந்தது. கிரியேட்டினின் (பவுடர் இல்லை, ரத்தத்தில் தேங்கும் ஒரு கழிவு) 1.42. பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'எச்' என்று ஒரு குறி, அளவு அதிகம் என்று அர்த்தம். அந்த லேப் போட்டிருந்த மேல் எல்லை 1.3. அதற்குக் கீழே சிறுநீரக வடிகட்டும் திறன் 64 என்று ஒரு கணக்கு. 90க்கு மேல் இருந்தால் நல்லது என்று அங்கேயே அச்சடித்திருந்தார்கள்.

"அப்பவே சொன்னனுங்க, அந்த வெள்ளைப் பொடி வேண்டாமுன்னு. கேட்டீங்களா?" என்றாள் மனைவி. அன்று ராத்திரி இரண்டு பேருக்கும் தூக்கமில்லை.

மறுநாள் டாக்டரிடம் போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என் கையைப் பார்த்தார். "ஜிம் போறீங்களா? பவுடர் ஏதாவது எடுக்கறீங்களா?" சொன்னேன். "இதை ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடியே சொல்ல வேண்டாமா?" என்று சிரித்தார். ஒரு மாதம் பவுடரை நிறுத்தச் சொன்னார். அதன் பிறகு அசைவமும் பயிற்சியும் இல்லாமல் இரண்டு நாள் விட்டு மறுபடி ரத்தம். கூடவே சிஸ்டாட்டின் சி என்று இன்னொரு பரிசோதனை, சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒன்று. இந்தத் தடவை கிரியேட்டினின் 1.08, வடிகட்டும் திறன் 88. மற்ற இரண்டும் சரியாக இருந்தன.

விஷயம் இதுதான். தசையில் இருக்கும் கிரியேட்டின் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து கிரியேட்டினின் என்ற கழிவாக மாறுகிறது. அதைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் அந்தக் கழிவு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று லேப் கணக்குப் போடுகிறது. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலை குவிந்து கிடந்தால் குப்பை வண்டிக்காரர் வேலைக்கு வரவில்லை என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. பந்தி பெரிதாக இருந்திருக்கலாம். எனக்குப் பந்தி மூன்று பக்கமிருந்தும் நடந்திருக்கிறது: பவுடர், முந்தின நாள் கடும் பயிற்சி, மட்டன் (சமைத்த இறைச்சியிலேயே கிரியேட்டினின் இருக்கிறது). சிஸ்டாட்டின் சி என்பது தசையோ கிரியேட்டினோ அவ்வளவாகத் தொடாத கணக்கு, அதனால்தான் டாக்டர் அதைக் கேட்டார்.

ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவர்களிடம், வழக்கமான அளவில், சில வருடங்கள் வரை தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் கிட்னிக்குச் சேதம் தெரியவில்லை. 'ஆரோக்கியமான' என்ற சொல்லை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், ஒரே கிட்னி உள்ளவர்கள், பல வருடச் சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வலி மாத்திரை அடிக்கடி போடுகிறவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். உங்களுக்கு ஒன்றும் இல்லை என்றாலும், ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு கிரியேட்டினின் பார்த்து வைத்துவிடுங்கள். நான் அதைச் செய்யாததால்தான் ஒரு மாதம் தவித்தேன். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எண்ணே என்னிடம் இல்லை.

சரி, இது என்ன சாமான்? 1832இல் செவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சிச் சாறிலிருந்து பிரித்தெடுத்தார். இறைச்சிக்கான கிரேக்கச் சொல்லை வைத்தே பெயரும் வைத்தார். பிறகு லீபிக் என்ற ஜெர்மானியர், வேட்டையில் ஓடி அடிபட்ட நரியின் தசையில், கூண்டில் வளர்ந்த நரியைவிட இது பல மடங்கு இருப்பதைக் கண்டார். ஓட்டத்துக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. நம் உடம்பே ஈரலிலும் சிறுநீரகத்திலும் தினமும் ஒரு கிராம் அளவுக்குச் செய்துகொள்கிறது. 70 கிலோ ஆளின் உடம்பில் மொத்தம் 120 கிராம் போல இருக்கும், அதில் 95 சதவீதம் தசையில்.

வேலை செய்யும் விதத்தை எங்கள் கடைக் கல்லாவை வைத்துச் சொன்னால் எனக்குப் புரிகிறது. தசை சுருங்கச் செலவாகும் கைக்காசு ஏடிபி. கல்லாவில் இருப்பது சில நொடிகளுக்கே காணும். அது தீர்ந்ததும் உடனே எடுத்துக் கொடுக்க மேசைக்கு அடியில் ஒரு சில்லறைப் பை இருக்கிறது. அதுதான் பாஸ்போகிரியேட்டின். மாவுச்சத்தும் கொழுப்பும் பேங்கில் கிடக்கும் பணம். நிறைய இருக்கும், ஆனால் எடுத்துவர நேரமாகும். முழு மூச்சாகச் செய்யும் முதல் பத்து நொடி வேலையைச் சில்லறைப் பைதான் பெரும்பாலும் தாங்குகிறது. கிரியேட்டின் சாப்பிட்டால் அந்தப் பை கொஞ்சம் பெரிதாகிறது. அவ்வளவுதான். அதனால் எடை தூக்குவது, சிறு ஓட்டம், கபடி மாதிரி நின்று நின்று வெடிக்கும் விளையாட்டுக்கு உதவும். நிதானமாகப் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

எனக்கு என்ன கிடைத்தது? பெஞ்ச் பிரஸ்ஸில் 60 கிலோவை எட்டு முறை தூக்கி, ஒன்பதாவதில் கை நடுங்கும். ஐந்தாவது வாரம் பத்து முறை போனது. அந்த இரண்டு ரெப்தான் கிரியேட்டின். கூடுதலாகச் செய்த அந்த வேலை மாதக் கணக்கில் சேர்ந்தால் தசை வளரும். பழைய ஆய்வுகள் 22ஐச் சேர்த்துப் பார்த்த 2003ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், பயிற்சியோடு கிரியேட்டினும் எடுத்தவர்களுக்குப் பலம் சராசரியாக 20 சதவீதம் கூடியது, வெறும் பயிற்சி செய்தவர்களுக்கு 12 சதவீதம். எட்டு சதவீதம் பவுடர் தந்தது என்று விளம்பரக்காரர் சொல்வார். பவுடரே இல்லாமல் 12 வந்திருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 54 பேரை வைத்துச் செய்து 2025இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கறாரானது. தினம் ஐந்து கிராம் எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் 12 வாரப் பயிற்சிக்குப் பிறகு ஒரே மாதிரி சுமார் இரண்டு கிலோ கூட்டியிருந்தார்கள். முதல் வாரத்தில் தெரிந்த அரை கிலோ வித்தியாசம் பெரும்பாலும் தண்ணீர்தான் என்றார்கள். ஆக, மாஸ்டர் சொல்லும் அளவுக்கு மந்திரம் இல்லை, சும்மாவும் இல்லை.

இப்போது வலி. கால் பயிற்சி செய்த மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவோமே, அந்த வலி எனக்கு இன்றும் அப்படியேதான் வருகிறது. பயிற்சிக்குப் பிந்தைய தசைச் சேதம் சற்றுக் குறைகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, ஒன்றுமில்லை என்று சில. அதை நம்பிக் காசு போடாதீர்கள். தூக்கமும் சாப்பாடும் அதற்கு மேல். ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் இடையில் மீள்வதில்தான் வித்தியாசம் தெரிந்தது. இரண்டு மூன்று நிமிட இடைவெளியில் சில்லறைப் பை மறுபடி நிரம்புகிறது, அந்த மீட்சிதான் நிஜம். இன்னொன்றும் உண்டு: பெல்ஜியத்தில் 2001இல் வெளியான ஆய்வில் ஆரோக்கியமான 22 பேருக்கு ஒரு காலில் இரண்டு வாரம் கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்துப் பத்து வாரம் பயிற்சி கொடுத்தபோது, கிரியேட்டின் எடுத்தவர்களின் தொடைத் தசை சீக்கிரம் பழைய நிலைக்கு வந்தது. அடிபட்டுப் படுத்து எழுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

எடுக்கும் முறையில் சொல்ல அதிகம் இல்லை. தினம் மூன்று முதல் ஐந்து கிராம், ஜிம் போகாத நாளும் சேர்த்து. நேரம் எதுவானாலும் பரவாயில்லை. முதல் வாரம் தினம் 20 கிராம் 'லோடிங்' செய்யச் சொல்வார்கள். நானும் செய்தேன், இரண்டாம் நாளே வயிறு கலங்கிக் கடைக்கு லீவு போட்டேன். தினம் மூன்று கிராம் எடுத்தாலே ஒரு மாதத்தில் தசை அதே அளவுக்கு நிரம்பிவிடும் என்று 1996லேயே காட்டியிருக்கிறார்கள். என்ன அவசரம்?

பச்சைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் சரியாகக் கரையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 14 கிராம் போலத்தான் கரையும். ஒரு டம்ளரில் ஐந்து கிராம் போட்டால் குடித்து முடித்ததும் அடியில் ஆற்று மணல் மாதிரி நிற்கும், மருந்தில் ஒரு பங்கு அங்கேதான். வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்குங்கள், அப்புறமும் மிச்சம் இருந்தால் இன்னொரு மடக்கு ஊற்றி அலசிக் குடித்துவிடுங்கள். கலக்கி ராத்திரி முழுக்க வைக்காதீர்கள். தண்ணீரில் கிடந்தால் மெல்ல மெல்ல கிரியேட்டினினாக மாறிவிடும்.

வாங்கும்போது மோனோஹைட்ரேட் என்று மட்டும் இருந்தால் போதும். ஹெச்சிஎல், பஃபர்டு என்று கூடுதல் விலைக்கு வருவதெல்லாம் அதைவிட நன்றாக வேலை செய்ததாக நிரூபணம் இல்லை. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா பாருங்கள். ஒரு ஸ்கூப்பில் எத்தனை கிராம் என்று எழுதாத கலவைப் பொடி எதுவும் வேண்டாம்.

சைவம் என்றால் உங்களுக்கு இது என்னைவிட நன்றாகவே வேலை செய்யலாம். பருப்பில் கிரியேட்டின் கிடையாது, பாலில் பெயருக்குத்தான் இருக்கிறது. அதனால் சைவர்களின் தசைக் கையிருப்பு குறைவு, நிரப்ப இடம் அதிகம். எங்கள் கடையிலேயே சுத்த சைவக்காரர் ஒருவர், நான் பார்க்க ஒரே மாதத்தில் என்னைத் தாண்டிப் போனார். பொடி தொழிற்சாலையில் வேதிப்பொருளிலிருந்து செய்வது, இறைச்சியிலிருந்து அல்ல என்று காட்டிய பிறகுதான் தொட்டார்.

முடி கொட்டும் என்ற பயம், 2009இல் தென்னாப்பிரிக்க ரக்பி வீரர்களிடம், முடி கொட்டுவதோடு தொடர்புள்ள ஒரு ஹார்மோன் கூடியதாக வந்த ஒரே ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் முடியை யாரும் எண்ணவில்லை. 2025இல் 12 வாரம் முடியையே அளந்து பார்த்தபோது வித்தியாசம் இல்லை. என் தலையைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது, அது பவுடருக்கு முன்பே காலியாகிவிட்டது.

இந்த வருடப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே ஜிம்மை நிறுத்தினேன். மட்டனைத் திங்கள் ராத்திரிக்குத் தள்ளி வைத்தோம். சீட்டின் மேலேயே 'கிரியேட்டின் தினம் 3 கிராம்' என்று எழுதிக் கொடுத்தேன். ரிப்போர்ட் வந்ததும் மனைவி முதலில் அந்த 'எச்'சைத்தான் தேடினாள். 1.19. "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டுக் கொலஸ்டிரால் பக்கத்துக்குப் போனாள். அங்கே 'எச்' இருந்தது. அதற்குக் காரணம் பவுடர் இல்லை, மட்டன்.