ஓரிகனில் போதைச் சட்டத்துக்கு வாக்களித்த மக்களே மூன்று ஆண்டில் எதிராகத் திரும்பியது ஏன்?

முதலில் அந்தச் சட்டம் என்ன சொன்னது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் பலரும் இதைப் 'போதைப்பொருளைச் சட்டபூர்வமாக்கிய சட்டம்' என்றே நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2020 நவம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அந்தச் சட்டம் 'மெஷர் 110' என்ற பெயரில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. சுமார் 58 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 2021 பிப்ரவரி 1 முதல், ஒரு கிராமுக்குக் குறைவான ஹெராயினோ 2 கிராமுக்குக் குறைவான கோகைன், மெத் போன்றவையோ கையில் இருந்தால் கைது கிடையாது. 100 டாலர் அபராதச் சீட்டு. விற்பது அப்போதும் குற்றம்தான்.

கோளாறு அந்தச் சீட்டில்தான் இருந்தது. ஓர் உதவி எண்ணுக்குப் போன் செய்து, சிகிச்சை தேவையா என்று கேட்கும் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் அபராதம் தள்ளுபடி. ஆனால் போனும் செய்யாமல் பணமும் கட்டாமல் இருந்தால்? ஒன்றும் ஆகாது, அபராதம் கட்டாததற்காக வேறு தண்டனை கூடாது என்று சட்டமே சொல்லிவிட்டது. யார் போன் செய்வார்கள்? முதல் 15 மாதங்களில் அந்த எண்ணுக்கு வந்தவை 119 அழைப்புகள். ஓர் அழைப்புக்கு ஆன செலவு 7,000 டாலருக்கு மேல் என்று மாநிலத் தணிக்கை கணக்குப் போட்டது.

கஞ்சா வரியிலிருந்து சிகிச்சைக்கு ஒதுக்கிய சுமார் 30 கோடி டாலரில் பெரும்பகுதி, சட்டம் அமலாகி ஓராண்டுக்கு மேல் கழிந்துதான் சிகிச்சை தரும் அமைப்புகளின் கைக்குப் போனது. தண்டனையை ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள், அதன் இடத்தில் வர வேண்டிய படுக்கையும் ஆலோசகரும் வரவில்லை. என் பார்வையில் மன்னிக்க முடியாத தவறு இதுதான்.

அதே சமயத்தில்தான் ஃபென்டனில் என்ற, ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான செயற்கைப் போதைப்பொருள் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் பரவியது. அந்தப் பரவலைக் கணக்கில் எடுத்துக்கொண்டு 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, அளவுக்கு மீறிய போதையால் சாவுகள் கூடியதற்கும் இந்தச் சட்டத்துக்கும் தொடர்பு இல்லை என்றது. ஆனால் ஓரிகனின் பெரிய நகரமான போர்ட்லாந்தில் வேலைக்குப் போகிறவர் ஆய்வைப் பார்ப்பதில்லை, நடைபாதையைப் பார்க்கிறார். அங்கே போதைப்பொருளை ஃபாயில் தாளில் வைத்துப் புகைத்தார்கள். தெருவில் மது குடிக்க நகரத் தடை உண்டு. போதைப்பொருளுக்கு அப்படி ஒரு தடையை நகரமே போட மாநிலச் சட்டம் விடவில்லை. மக்களின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

கருத்துக்கணிப்புகளை இந்த இடத்தில் கவனமாகப் படிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் எடுத்த ஒன்றில், சட்டத்தை முழுவதும் நீக்கலாம் என்றவர்கள் 56 சதவீதம். அதே ஆண்டு ஏப்ரலில் கேட்ட கேள்வி வேறு: குற்றத் தண்டனை திரும்ப வரட்டும், கஞ்சா வரிப்பணம் சிகிச்சைக்கே தொடர்ந்து போகட்டும், சம்மதமா? 63 சதவீதம் பேர் சம்மதம் என்றார்கள். சிகிச்சை வேண்டாம் என்று சொன்னவர்களாக இவர்களை எண்ண முடியாது.

போர்ச்சுகலில் 2001 ஜூலையிலிருந்து இருக்கும் ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே 10 நாள் உபயோகத்துக்கு மேற்படாத அளவோடு பிடிபட்டால் வழக்கு இல்லை. ஆனால் போலீஸ் பொருளைப் பறிமுதல் செய்து, 72 மணி நேரத்துக்குள் மூன்று பேர் கொண்ட ஆணையத்தின் முன் போய் உட்காரச் சொல்லும். சிகிச்சையைப் பற்றி நேருக்கு நேர் பேச அங்கே ஆள் இருக்கிறார். ஓரிகனில் இருந்தது ஒரு போன் நம்பர்.

2024 செப்டம்பர் 1 முதல் ஓரிகனில் போதைப்பொருள் வைத்திருப்பது மறுபடி குற்றம், 180 நாள் வரை சிறை உண்டு. சிகிச்சைக்குப் போக ஒப்புக்கொண்டால் வழக்கைத் தவிர்க்கும் வழியையும் வைத்திருக்கிறார்கள். அதை நடத்துவதும் நடத்தாததும் அந்தந்த கவுன்டியின் (நம் மாவட்டம் போன்றது) விருப்பம் என்பதால், ஒரே குற்றத்துக்கு எந்த ஊரில் பிடிபட்டீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.