மரத்துப்போக இரண்டு மருந்தா?

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் வழுக்கி விழுந்து என் கணவருக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. அறுவைக்கு முழங்காலின் பின்புறம் ஊசி போட்டு, லிக்னோகெயினையும் புப்பிவாகெயினையும் கலந்து தருவார்களாம். ஒன்று போதாதா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: லிக்னோகெயின் சீக்கிரம் மரக்கச் செய்யும், சில மணி நேரத்தில் விட்டுவிடும். புப்பிவாகெயினுக்கு 20, 30 நிமிடம் பிடிக்கும். ஆனால் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கும் மேல் வலி தெரியாது. கலந்தால் இரண்டின் நன்மையும் முழுதாகக் கிடைக்காது, அம்மா. ஒன்றையொன்று நீர்க்கச் செய்யும். மரப்பது சற்று முந்தும், இரவு வலியும் முந்தும். எலும்பு அறுவைக்குத் தனிப் புப்பிவாகெயினே மேல் என்பது எங்கள் கருத்து. மயக்க மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கலந்தால் நச்சும் கூடும் என்பதுதான் முக்கியம். 60 கிலோ எடைக்கு வழக்கமான உச்சவரம்பு லிக்னோகெயின் 180 மில்லிகிராம், புப்பிவாகெயின் 120. ஒன்றில் பாதி போட்டால் மற்றதிலும் பாதிதான் மிச்சம். 2 சதவீத லிக்னோகெயின் 10 மில்லிலிட்டரே 200 மில்லிகிராம் ஆகிவிடும்! ஊசி போடும்போது வாயைச் சுற்றி மரத்தாலோ காதில் இரைச்சல் கேட்டாலோ அவர் உடனே சொல்ல வேண்டும்.

உள்கணுக்காலுக்கு வேறு நரம்பு என்பதால் இன்னொரு ஊசியும் இருக்கலாம். மரத்த காலுக்குச் சுடுநீர் ஒத்தடம் கூடாது, ஊன்றவும் கூடாது. எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை உணர்வு திரும்பும் முன்பே கொடுத்துவிடுங்கள்.