வேலை விண்ணப்பத்தில் கரகாட்டத்தின் வரலாற்றை எவ்வளவு எழுதலாம்?

கேள்வி: கரகாட்டத்தை முறையாகப் பயின்று, கோயில் விழாக்களில் ஆடி வருகிறேன். தனியார் பள்ளி ஒன்றில் நாட்டுப்புற நடன ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். இக்கலையின் தொன்மையைக் கடிதத்தில் விரிவாக எழுதலாமா?

பதில்: மூன்று வரிகளுக்கு மேல் வேண்டாம், அவையும் நேர்காணலில் துருவிக் கேட்டால் தாக்குப்பிடிப்பவையாக இருக்க வேண்டும். ‘2000 ஆண்டுப் பழமை வாய்ந்த கரகாட்டம்’ என்று தொடங்குவது எளிது, நிறுவுவது கடினம். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்றாக, வாணன் என்னும் அசுரனின் நகரத் தெருவில் திருமால் ஆடிய குடக்கூத்து இடம்பெறுகிறது. குடம் கொண்டு ஆடியது என்ற அளவில் அதனைக் கரகாட்டத்தின் முன்னோடியாகக் கருதுவோர் உண்டு என்றாலும், இன்றைய ஆட்டமே அன்றும் ஆடப்பட்டது என்பதற்கு அக்காப்பியம் சான்றாகாது. ஆகவே, ‘குடக்கூத்துடன் தொடர்புபடுத்திப் பேசப்படும் கரகாட்டம்’ என்று எழுதுங்கள். தேர்வுக் குழுவில் தமிழாசிரியர் ஒருவர் இருந்துவிட்டால் இந்த நிதானத்தின் மதிப்பு தெரியும்.

உங்களுக்கு உண்மையில் கைகொடுக்கக்கூடியது, மாரியம்மன் விழாவில் நீர் நிரப்பி, வேப்பிலை செருகி, விரதமிருந்து எடுத்துவரும் சக்திக் கரகத்துக்கும், அரிசியோ மணலோ இட்டு எடை கூட்டிய செம்பின் உச்சியில் கிளிப் பொம்மை பொருத்தி, நையாண்டி மேளத்துக்கு ஆடும் ஆட்டக் கரகத்துக்கும் உள்ள வேறுபாடுதான். முன்னது வழிபாடு, பின்னதே பள்ளி மேடைக்கு உரியது. இதை இரண்டு வரிகளில் விளக்கினால், வரலாறு தெரிந்தவர் என்பதோடு, எதைக் கற்பிக்கலாம், எதைக் கோயிலுக்கே விட்டுவிடலாம் என்று பிரித்தறியத் தெரிந்தவர் என்பதும் புலப்படும்.

மீதி இடம் உங்கள் திறனுக்கு. ‘நல்ல அனுபவம் உண்டு’ என்ற வரியால் பயனில்லை. ‘முதலில் கரகமின்றி அடவுகளைப் பழக்குவேன், உடல் நிலைகொண்ட பின்னரே செம்பைத் தலையில் ஏற்றுவேன்’ என்பதைப் படிப்பவர் உங்கள் வகுப்பையே பார்த்துவிடுவார். எந்த வயதினருக்குக் கற்பிப்பீர்கள், மேளக்காரர்கள் இல்லாதபோது எப்படி நடத்துவீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சான்றுகளாக ஆசிரியரின் கடிதம், உங்கள் பெயர் அச்சான திருவிழா நோட்டீஸ், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய உறுப்பினர் அட்டை இருப்பின் அது ஆகியவற்றை இணைக்கலாம். விளம்பரத்தில் பட்டமோ பட்டயமோ கட்டாயம் என்றிருந்தால் இவை அதற்கு ஈடாகா. விண்ணப்பிக்கும் முன்பே பள்ளியிடம் கேட்டுவிடுங்கள். பழைய நோட்டீஸ்களுக்கு மறுபதிப்பு கிடையாது என்பதால் ஒளிநகலை மட்டும் அனுப்பி, மூலத்தை நேர்காணலுக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.