வாசலில் எந்தச் செடி வைப்பது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, பென்னாகரம் ரோட்டில் புது வீடு கட்டிக் குடி வந்திருக்கிறோம். முன்பக்கம் 20 அடி நீளம், 5 அடி அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். சரளை கலந்த செம்மண், போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். நர்சரியில் பூவோடு இருந்த பத்துச் செடி வாங்கி வைத்தேன், ஏழு போய்விட்டது. வருஷக்கணக்கில் நிற்கிற மாதிரி எதை வைக்கலாம்? – தருமபுரி வாசகி

பதில்: ஏழு செடி போனதற்கு உங்கள் கை காரணம் இல்லை. நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே, தேங்காய் நார்த்தூளில், தினமும் தண்ணீர் குடித்து வளர்ந்த செடியைக் கொண்டு வந்து சித்திரை வெயிலில் சரளையில் வைத்தால் அது என்ன செய்யும்? நானும் முன்பு பூவைப் பார்த்துத்தான் வாங்குவேன். இப்போது பூவே இல்லாத, அடிக்கிளை நாலைந்து உள்ள, குட்டையான செடியாகத் தேடுகிறேன். பையின் அடியைத் தூக்கிப் பாருங்கள், வேர் சுருள் சுருளாக வட்டம் போட்டிருந்தால் அந்தச் செடி பையில் ரொம்ப நாள் கிடந்தது என்று அர்த்தம். அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.

நடுவதற்கு முன் குழி தோண்டிப் பாருங்கள் அம்மா. புது வீட்டு முன்பக்கத்தில் மேலே ஒரு சாண் செம்மண்ணும் அதற்குக் கீழே சிமெண்ட் கட்டி, செங்கல் துண்டு, பூச்சு வேலையில் விழுந்த கலவையும்தான் பெரும்பாலும் இருக்கும். ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம் தோண்டி அதையெல்லாம் அள்ளி வெளியே போட்டுவிட்டு, நல்ல செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் பாதிப்பாதி, கூட இரண்டு கை வேப்பம் பிண்ணாக்கு போட்டு நிரப்புங்கள். சித்திரை, வைகாசியில் எதையும் வைக்க வேண்டாம். ஆடி கடைசியிலோ ஆவணியிலோ வைத்தால் புரட்டாசி, ஐப்பசி மழையிலேயே வேர் பிடித்துவிடும்.

சரி, எந்தச் செடி? நந்தியாவட்டை ஒன்று, மூலையில். அது 5, 6 அடி பரவும், அதனால் ஒன்று போதும். காகிதப்பூ தாராளமாக வைக்கலாம், ஆனால் முள் இருப்பதால் கேட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், சுவர் ஓரமாக நாள் முழுக்க வெயில் படுகிற இடத்தில். அதற்குத் தண்ணீர் ஊற்ற ஊற்ற இலைதான் தழைக்கும். மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் பூத்துத் தள்ளும், ஒரு சுற்றுப் பூ உதிர்ந்ததும் நுனிகளை வெட்டிவிட்டால் புதுக்கிளையில் மறுபடி வரும். முன்வரிசையில் டிசம்பர் பூவும் நித்தியகல்யாணியும். டிசம்பர் பூ ஒரு கிளையை ஒடித்து ஈர மண்ணில் குத்தினாலே பிழைக்கும், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள். கல்வாழை ஆசை இருந்தால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வையுங்கள், வேறெங்கும் அதற்குத் தண்ணீர் போதாது.

இன்னொன்று சொல்வேன், சிரிக்காதீர்கள்: ஆவாரம். பொங்கலுக்குக் காப்புக் கட்ட பூளைப்பூ, வேப்பிலையோடு நாம் தேடிப் போய் ஒடித்து வருகிற அதே ஆவாரம்தான். நம் ஊர்ச் சாலையோரத்தில் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் கொத்துக் கொத்தாகத் தங்க மஞ்சளில் பூக்கிற செடியை விட்டுவிட்டு, குளிர் ஊர்ச் செடிகளுக்கு நாம் காசு கொடுக்கிறோம் என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. காட்டிலிருந்து பிடுங்கி வந்து வைத்தால் வராது, ஆணிவேர் அறுந்துவிடும். காய்ந்த நெற்றிலிருந்து விதை எடுத்து, விதைத்தோல் கெட்டி என்பதால் வெந்நீரில் போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, வளர வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை இடுப்புயரத்துக்கு வெட்டிவிட்டால் அழகான புதர்.

கேள்வி: இட்லிப்பூச் செடி வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. இலையெல்லாம் மஞ்சள். சாணி, யூரியா, அடுப்புச் சாம்பல் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். – காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: முதலில் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை, யூரியா கேட்கும். நுனியில் வருகிற இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் மீன்முள் போலப் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. இட்லிப்பூவுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் வரும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதான். ஆனால் கடின நீரை ஊற்ற ஊற்ற மண் காரமாகி, வேரால் அதை எடுக்க முடியாமல் போகிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதுதான் அடையாளம். சுவரை ஒட்டி வைத்த செடி என்றால் சிமெண்டும் சேர்ந்துகொள்ளும். சாம்பலும் காரம்தான், இன்றே நிறுத்துங்கள்.

உரக்கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கேளுங்கள். வெளிர் பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பேறி இருந்தால் வாங்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, சாயங்காலம் இலை நனையத் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. டைல்ஸில் பட்டால் துருக்கறை போகவே போகாது, அதனால் கீழே ஒரு சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். தெளித்தால் புது இலை பச்சையாகும், ஆனால் தண்ணீர் மாறாவிட்டால் ஆறு மாதத்தில் திரும்ப வரும். மாடிக் குழாயிலிருந்து ஒரு டிரம்மில் மழைநீர் பிடித்து இந்த ஒரு செடிக்காவது ஊற்றுங்கள், மழை இல்லாத நாளில் அரிசி கழுவின தண்ணீர்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் சாமந்தி மூட்டை மூட்டையாக வருகிறது. அதே நாற்றை வீட்டு வாசலில் வைத்தால் தளதளவென்று இலை மட்டும். ஏன் அக்கா? – பாலக்கோடு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசியில், வாசலுக்கு நேரே போன வருஷம் எல்.ஈ.டி. தெருவிளக்கு போட்டார்கள் என்று வேறு ஏதோ விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சாமந்தி நீண்ட இருட்டு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். ராத்திரியில் வெளிச்சம் பட்டால் இன்னும் பகல் நீளமாக இருக்கிறது என்று எண்ணி இலையாகவே போட்டுக்கொண்டிருக்கும். பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்பவர்கள் பூ சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே ராத்திரியில் பல்பு எரிய விடுகிறார்கள், உங்கள் வீட்டில் அதைத் தெருவிளக்கு செய்கிறது. வீட்டுக்குப் பின்பக்கம், வெயிலும் இருட்டும் இரண்டும் கிடைக்கிற இடத்துக்கு மாற்றுங்கள். நட்ட நாலாவது வாரம் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பூத்து முடிந்ததும் பிடுங்கி எறியாமல் நாலு விரல் விட்டு வெட்டினால் அடியில் பக்கக்கன்றுகள் கிளம்பும், அடுத்த வருஷத்துக்கு அதுவே நாற்று.

கேள்வி: ஓசூரில் வாங்கி வந்த ரோஜா முதல் வருஷம் உள்ளங்கை அகலத்துக்குப் பூத்தது. இப்போது சின்னச் சின்ன பூ, கிளை மட்டும் நீள நீளமாக. – ஊத்தங்கரை வாசகர்

பதில்: ஒட்டுக் கட்டின முடிச்சுக்குக் கீழே இருப்பது வேருக்காக வைத்த வேறு ரோஜா, அதிலிருந்து கிளம்பின கிளையை நீங்கள் வளர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மண்ணைக் கொஞ்சம் விலக்கி அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, கத்தரிக்காமல் அடியோடு பிய்த்து எடுங்கள். மேல்பாகம் உயிரோடு இருந்தால் பழைய பூ திரும்ப வரும். அப்புறம், ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அந்தக் குளிர்ச்சி ஊத்தங்கரையில் கிடைக்காது. பங்குனி முதல் மத்தியான வெயில் படாத கிழக்குப் பக்கம் வையுங்கள்.

கேள்வி: நாற்கரச் சாலை நடுவில் இருக்கிற அரளி மாதிரி வேலியோரம் வைக்க ஆசை. ஆடு நாலு இருக்கிறது, பேரனுக்கு இரண்டு வயது. – அரூர் வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. அரளியில் இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே விஷம், காய்ந்த சருகும் கூட. மஞ்சள் அரளி அதைவிட ஒன்றும் குறைந்ததில்லை. பேரன் வளரட்டும். அந்த இடத்தில் செம்பருத்தி வையுங்கள், அதை ஆடு விரும்பித் தின்னும் என்பதால் முதல் வருஷம் முள்வேலி கட்டிக் காப்பாற்றுங்கள். எறும்பு ஏறுவதைப் பார்த்தால் உடனே கொழுந்தின் அடியில் திருப்பிப் பாருங்கள், பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருக்கும். அந்தக் கொழுந்தை மட்டும் வெட்டி எரித்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒரு முறை அடியுங்கள்.