சம்பள நாளைக் காட்டுங்கள்: சீரியல் கேள்வி-பதில்

(தண்டையார்பேட்டையில் தையல்கடை வைத்திருக்கும் நம் வாசகி, புதிய சீரியல்கள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

அக்கா, புது சீரியல் ஒன்று தொடங்கினால் அதைத் தொடர்ந்து பார்க்கலாமா, வேண்டாமா என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?
- கல்லூரி மாணவி, வியாசர்பாடி

முதல் வாரத்தை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை, கண்ணு. முதல் வாரத்தில் எல்லாக் கதாநாயகிக்கும் ஒரு வேலை இருக்கும். பூ கட்டுவாள், நர்ஸாக இருப்பாள், டியூஷன் எடுப்பாள். காலையில் அவசர அவசரமாகக் கிளம்புகிற காட்சி ஒன்று கட்டாயம் வரும். தாலி ஏறிய பிறகுதான் சங்கதி தெரியும். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் போகட்டும். அவள் இன்னும் அந்த வேலைக்குப் போகிறாளா, சம்பளம் கைக்கு வந்ததா, அதை யாரிடம் கொடுத்தாள், எதற்குச் செலவு செய்தாள் என்று பார்ப்பேன். இந்த நாலும் கதையில் இருந்தால் எனக்கு அந்த சீரியல் போதும். வில்லி எவ்வளவு சூழ்ச்சி வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

'சிறகடிக்க ஆசை' 2023 ஜனவரியில் தொடங்கியது. அதை விடாமல் நான் பார்ப்பதற்கு இதுதான் காரணம். மீனா பூ கட்டி விற்கிறவள், முத்து கார் ஓட்டுகிறவன். கல்யாணமாகியும் மீனா பூவை விடவில்லை. மாமியார் விஜயா அவளை இளக்காரமாகப் பேசுவது அந்தப் பூவை வைத்துத்தான், அவள் தலை நிமிர்வதும் அதே பூவால்தான். முழம் போட்டு விற்றவள் அலங்கார ஆர்டர் எடுக்கிற அளவுக்கு வந்தாள். இதே கதையை 2024-ல் 'உட்னே கி ஆஷா' என்று இந்தியில் எடுத்தார்கள். அங்கேயும் பெண் பூ விற்கிறாள், பையன் வண்டி ஓட்டுகிறான். ஊர் மாறியது, மொழி மாறியது, தொழிலில் மட்டும் கை வைக்கவில்லை. கதைக்கு உயிர் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அதே வீட்டு இன்னொரு மருமகள் ரோகிணியின் ரகசியத்தை இத்தனை காலம் இழுத்தது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அது வெளியே வருகிற மாதிரி வந்து வந்து உள்ளே போனபோதெல்லாம், மீனாவின் பூக்கூடை ஓரத்துக்குப் போய்விட்டது.

நான் கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை பார்க்கிறேன் அக்கா. 'சிங்கப்பெண்ணே' எங்கள் கதை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்களும் தையல்காரர்தானே, உங்களுக்கு அப்படித் தோன்றுகிறதா?
- வாசகி, கொருக்குப்பேட்டை

பாதி தோன்றுகிறது, பாதி தோன்றவில்லை.

2023 அக்டோபரில் அது தொடங்கியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கிராமத்திலிருந்து ஒரு பெண் சென்னைக்கு கார்மென்ட்ஸ் வேலைக்கு வருகிறாள், ஹாஸ்டலில் தங்குகிறாள், ஊரில் இருக்கிற குடும்பத்தை நினைத்துக்கொண்டே மிஷினில் உட்காருகிறாள். இந்த ஊரில் இப்படி எத்தனை பெண்கள்! அவர்களில் ஒருத்தியை ராத்திரி எட்டு, ஒன்பது மணி நேரத்தில் கதாநாயகியாக உட்கார வைத்ததே பெரிய விஷயம். ஆனந்தியாக நடிக்கிற மனிஷா மகேஷின் முகமும் அதற்குப் பொருந்துகிறது. பயமும் பிடிவாதமும் ஒன்றாகத் தெரிகிற முகம். ஹாஸ்டல் தோழிகள் வருகிற காட்சிகளும் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் மிஷின் எங்கே போனது? முதலாளி மகன் மகேஷுக்கு அவள் மேல் காதல், கூட வேலை பார்க்கிற அன்பு என்கிற பையனுக்கும் காதல் என்று ஆனபிறகு, ஃபேக்டரி என்பது எல்லோரும் நின்று பேசுகிற இடமாகிவிட்டது. சொந்தக் கடை போடுவதற்கு முன்னால் நானும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் லைனில் உட்கார்ந்தவள். அங்கே நின்று பேச நேரமே கிடையாது. ஒருத்தி காலர், ஒருத்தி கை, ஒருத்தி பாக்கெட் என்று சட்டை கை மாறிக்கொண்டே போகும். ஒரு சீட் காலியானால் அடுத்த சீட்டில் பீஸ் வராது, முந்தைய சீட்டில் குவியும். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட், சூப்பர்வைசர் நோட்டோடு வந்து எண்ணுவார். பாத்ரூம் போவதற்கே யோசிக்கிற வேலை அது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்ற வாசகிகளுக்காகச் சொல்கிறேன்.

இதையெல்லாம் காட்டினால் போரடிக்கும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊசி உடைந்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த துண்டு எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒப்படைத்தால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு சின்ன முனை காணவில்லை என்றாலும் அந்த பீஸ் தனியே போகும், மேஜையைத் தட்டி, தரையைப் பெருக்கி, காந்தம் வைத்துத் தேடுவார்கள். துண்டு துணியோடு போய்ப் போட்டுக்கொள்கிறவர் உடம்பில் குத்திவிடக் கூடாது அல்லவா, அதற்காக. ஷிப்மென்ட் நாள், டார்கெட் பாக்கி, ஆனந்தியின் ஊசி உடைகிறது, முனை கிடைக்கவில்லை, மொத்த லைனும் அவளையே பார்க்கிறது. இரண்டு நாள் எபிசோடுக்கு இதைவிடப் படபடப்பு எந்தக் கடத்தல் காட்சியில் வரும்? தோழிகள் யார், பொறாமைக்காரி யார் என்பதும் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடுமே. அப்புறம் பிஎஃப் பிடித்தது, லீவு போட்டால் இன்சென்டிவ் போவது, சம்பள நாளில் ஊருக்குப் பணம் அனுப்புவது. ஒவ்வொன்றும் ஒரு கதை. எழுதுகிறவர்கள் ஒரே ஒரு ஷிப்ட் லைன் ஓரமாக நின்று பார்க்கட்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மாரிமுத்து இல்லாத 'எதிர்நீச்சல்' பார்க்கவே மனம் வரவில்லை. நீங்கள் எப்படி இரண்டாம் பாகத்தையும் பார்க்கிறீர்கள்?
- ஓய்வுபெற்றவர், பெரம்பூர்

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது ஐயா. 2023 செப்டம்பர் 8 காலையில், அந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது, அன்றே போய்விட்டார். செய்தி வந்த அன்று கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் பேசினார்கள். அவர் நடித்த ஆதி குணசேகரனைத் திட்டாத வீடு இல்லை, மாரிமுத்துவுக்காக அழாத வீடும் இல்லை. அவருக்குப் பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். அவர் கோபம் வேறு மாதிரி. மாரிமுத்துவின் குணசேகரன் நம் தெருவில் இருக்கிற பெரியவர் போலவே இருப்பார், சிரிக்க வைத்துக்கொண்டே வீட்டுப் பெண்ணின் வாயை அடைப்பார். அந்தப் பயம் எனக்குத் திரும்ப வரவில்லை என்பது உண்மைதான்.

ஆனாலும் நான் பார்ப்பது அந்த மருமகள்களுக்காக. படித்துவிட்டு அடுப்படியில் முடங்கிய பெண்கள். ரேணுகாவுக்கு நடனம், நந்தினிக்குச் சமையல் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு கைத்திறன் உண்டு. அதை வைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்று அவர்கள் தவிக்கிற தவிப்பு மற்ற சீரியல்களில் இல்லை. 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம் அல்லவா, பெண் தன் காலில் நிற்பதை அவர் விட மாட்டார். 2024 ஜூனில் முதல் பாகம் முடிந்து, டிசம்பரிலேயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது' வந்தபோது இன்னொரு மருமகளான ஜனனி வேடத்தில் மதுமிதாவுக்குப் பதில் பார்வதி வந்தார். பழகக் கொஞ்ச நாள் ஆனது. நந்தினியும் ரேணுகாவும் பேசிக்கொள்கிற காட்சிகளுக்காகவாவது மறுபடி பாருங்கள் ஐயா. அந்தப் பேச்சு நம் வீட்டுப் பேச்சு.

டிஆர்பி என்கிறார்களே, எங்கள் வீட்டில் நாங்கள் பார்ப்பதும் அதில் சேருமா?
- வாசகர், எண்ணூர்

டிஆர்பி என்பது எந்த சீரியலை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்கிற புள்ளிக் கணக்கு. அதை எடுக்கிற பார்க் (BARC) நிறுவனத்தின் மீட்டர் உங்கள் வீட்டில் இருந்தால் மட்டும்தான் சேரும் தம்பி. நாடு முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைத் தேர்ந்தெடுத்து அந்த மீட்டரை வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டன் உண்டு, பார்க்க உட்காரும்போது அதை அழுத்த வேண்டும். வாரா வாரம் வியாழக்கிழமை புள்ளி வரும். ஒரு பெண்ணின் வேலைக் காட்சிகள் திடீரென்று குறைந்தால், அதற்கு முந்தைய வாரப் புள்ளி இறங்கியிருக்கும் என்றே எனக்குத் தோன்றும்.

ஒரு பார்வைக்கே ஐந்து நிமிடம் ஓட்டுகிறார்கள். ஏன் இவ்வளவு இழுவை?
- வாசகி, திருவொற்றியூர்

வாரத்தில் ஐந்து நாள், ஆறு நாள் போட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம் என்பது விதி. அரை மணி நேர சீரியலில் அதைக் கழித்தாலும் நாளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கதை வேண்டும். எழுதுகிற கைக்கு ஓய்வே இல்லை. அதனால்தான் தொழிலைக் கதைக்குள் கொண்டு வாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வேலை செய்கிற பெண்ணுக்குத் தினமும் ஏதாவது நடக்கும்.

வடசென்னை என்றால் ரவுடி, கஞ்சா, கத்தி என்றுதான் காட்டுகிறார்கள். சீரியலிலோ நாம் கண்ணிலேயே படுவதில்லை. நம் ஏரியாவை வைத்து ஒரு குடும்பக் கதை வராதா அக்கா?
- ஆட்டோ ஓட்டுநர், புதுவண்ணாரப்பேட்டை

வர வேண்டும் தம்பி. எனக்கும் நெடுநாள் ஏக்கம் இது. சீரியல் வீடுகள் பெரும்பாலும் வளசரவாக்கம், சாலிகிராமம் பக்கம் ஷூட்டிங்குக்கு விடுகிற பங்களாக்கள். மாடிப்படி, பெரிய ஹால், நடுவில் சோபா. நம் பக்கத்து வீடு போல ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும் இருந்தால் கேமரா வைக்க இடமில்லை என்பார்கள். நம் பேச்சைப் பேசுகிறவர் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவாகவோ, சிரிப்புக்கு வருகிற ஆளாகவோதான் இருப்பார்.

உங்கள் பேட்டையிலேயே கதை இருக்கிறது. செரியன் நகர் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தாள். தெருமுனை கிளப்பில் பவுடர் போட்டு ஆடுகிற போர்டிலிருந்து அங்கே போவதற்குள் ஒரு குடும்பம் எத்தனை தடவை கணக்குப் பார்த்திருக்கும்! கேரம் ஆடுகிற ஒரு பெண்ணைக் கதாநாயகியாக வைத்துக் கற்பனையாகவே எழுதட்டும். அப்பாவின் அன்றாட வசூல், போட்டிக்குப் போக ரயில் டிக்கெட், "பொண்ணுக்கு எதுக்கு இதெல்லாம்" என்கிற சொந்தக்காரர். வில்லி தனியாகத் தேவையே இல்லை.

காசிமேட்டில் மீன் விற்கிற ஒரு அம்மாவைக் கதாநாயகியாக வைக்கலாம். விடியுமுன் ஏலத்துக்குப் போய், கூடையைப் பஸ்ஸில் ஏற்ற கண்டக்டரிடம் கெஞ்சி, வெயிலுக்குள் விற்றுத் தீர்க்கிறவள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வீட்டில் ஆண் இருப்பான், கையில் காசு இருக்காது, வட்டிக்காரன் வாசலுக்கு வருவான். அந்தத் தடைக்காலத்தையே இரண்டு மாதம் சீரியலில் ஓட்டலாம், வெளியேயும் அதே மாதங்கள் நடந்துகொண்டிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து, வலையும் படகும் கறுத்துப் போனதே. அதைக் கழுவிய கைகளை எந்த சீரியலில் பார்த்தோம்?

இன்னொன்றும் கேட்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். என் கடைக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் வேலைக்குப் போவது அதில்தான். சீரியல் கதாநாயகி அந்த பஸ்ஸில் ஏறி, மிச்சமான காசில் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிப் போகிற காட்சி ஒன்று கூடவா எடுக்க முடியாது?

'மெட்டி ஒலி' மாதிரி இப்போது எதுவுமே இல்லை என்கிறேன் நான். இப்போதும் நல்லது இருக்கிறது என்கிறாள் என் மருமகள். யார் சொல்வது சரி?
- வாசகி, ராயபுரம்

இரண்டு பேரும் சொல்வது சரிதான் அம்மா. 2002-லிருந்து 2005 வரை சிதம்பரமும் ஐந்து பெண்களும் நம் வீட்டு ஆட்களாகவே இருந்தார்கள். 2020 ஊரடங்கில் ஷூட்டிங் நின்று அதை மறுபடி போட்டபோதும் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். இயக்குநர் திருமுருகன் அதில் சத்தத்தைக் கூட்டவில்லை. ஒரு முகத்தை மூன்று தடவை காட்டி டமார் என்று இசை போடவில்லை. புது இயக்குநர்கள் அந்த நிதானத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பெண்களுக்கு வந்த துன்பமெல்லாம் புகுந்த வீட்டிலிருந்தே வந்தது, தீர்வும் அப்பாவும் கணவனும் கொடுத்ததுதான். உங்கள் மருமகள் பார்க்கிற காலத்தில் 'கயல்' நர்ஸ் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறாள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்துவிட்டு என்னிடம் பிளவுஸ் வாங்க வருகிற பெண் ஒருத்தி, 2021-லிருந்து கயலை விடாமல் பார்ப்பதாகச் சொல்வாள். மெட்டி ஒலியில் அவளுக்கு அப்படி ஒரு ஆள் இல்லையே.

ஒரே ஒரு சீரியல் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எதைச் சொல்வீர்கள்?
- ஐடி ஊழியர், கொளத்தூர்

'அய்யனார் துணை'. 2025 ஜனவரியில் தொடங்கியது. அம்மா இல்லாத வீடு, நாலு அண்ணன் தம்பிகள், ஒரு அப்பா. அங்கே நிலா மருமகளாக வருகிறாள். எதிர்நீச்சல் முதல் பாகத்தில் ஜனனியாக நடித்த மதுமிதாதான் நிலா. மூத்த அண்ணன் சேரன் சமைத்துப் போட்டுத் தம்பிகளை ஆளாக்கியவர். மருமகள் வந்துவிட்டாள் என்று கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கவில்லை. நம் சீரியல்களில் நான் அதிகம் பார்க்காத காட்சி அது. மாமியார் கிடையாது, அதனால் மாமியார் கொடுமையும் கிடையாது. நிலாவின் கணவன் சோழன் சொல்கிற பொய்கள் சில சமயம் எரிச்சலாக இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தம்பி, அண்ணன் யாராவது இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்.